ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு வாரம் வோல்டேஜைப் பாருங்கள்

அத்தை வீடு மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், தெருவுக்கும் கடைசி வீடு, மின்கம்பிக்கும் கடைசி வீடு. டிரான்ஸ்ஃபார்மர் இருப்பது ஊர் முகப்பில். சாயங்காலம் ஏழரை மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தால் ஃபேன் சுற்றச் சுற்றவே அதன் இறக்கையை எண்ணிவிடலாம், ட்யூப் லைட் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று கேட்டால் "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல், சில நொடியில் "டிக்" என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி டிக். இப்படியே இரண்டு கோடை ஓடியது. மூன்றாவது கோடையில் கம்ப்ரஸர் போய்விட்டது.

புதுக் கம்ப்ரஸர் போட்ட மெக்கானிக் "ஸ்டெபிலைசர் இல்லாம இதையும் காலி பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் என்றால், வீட்டில் ஏசிக்கு வாங்கிச் சும்மா கிடந்த ஒரு பெரிய ஸ்டெபிலைசரை, 4 கே.வி.ஏ. (எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும் அளவு), தூக்கமுடியாத கனம், அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பு. ஒரு வாரத்தில் அத்தை போன் செய்தார். "தம்பி, நீ மாட்டின பெட்டி வந்ததிலேர்ந்து ஃப்ரிட்ஜ் சாயங்காலமானா தூங்கிடுதுடா. தோசை மாவு பொங்கி வழிஞ்சு கீழ் தட்டு வரைக்கும் வந்துடுச்சு."

விஷயம் இதுதான். அந்தப் பெட்டி 170 வோல்ட்டிலிருந்து 270 வோல்ட் வரைதான் வேலை செய்யும். அத்தை வீட்டில் ஏழு மணிக்கு மேல் 160க்குக் கீழே போய்விடும். 170க்குக் கீழே இறங்கியதும் பெட்டி ஒழுங்காகத் தன் வேலையைச் செய்து கரண்டைத் துண்டித்துவிட்டது. பத்தரை மணிக்கு மேல்தான் திரும்ப விட்டது. தப்பு பெட்டியுடையது இல்லை. என்னுடையது. நான் பெட்டியைப் பார்த்தேனே தவிர வீட்டின் வோல்டேஜைப் பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கடைக்குப் போவது மூன்றாவது வேலை. அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

முதல் வேலை: உங்களுக்குத் தேவைதானா?

எல்லா வீட்டுக்கும் ஸ்டெபிலைசர் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். ஃப்ரிட்ஜ் விற்கும்போதே பில்லில் சேர்த்து எழுதிவிடுவதும் உண்டு. ஆனால் நகரத்து அடுக்குமாடியில், பகலும் ராத்திரியும் 220க்கும் 240க்கும் நடுவில் நிற்கிற வோல்டேஜில், புது இன்வர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கு அது பெரும்பாலும் சுவரில் தொங்கும் அலங்காரம்தான்.

இங்கே "இன்வர்ட்டர்" என்றால் கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் பெட்டி இல்லை. கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃப்ரிட்ஜ். பழைய வகைக் கம்ப்ரஸர் ஒரே வேகம், ஓடினால் முழுசாக ஓடும், நின்றால் நிற்கும். இன்வர்ட்டர் வகையில் வரும் மின்சாரத்தைப் போர்டு முதலில் நேர் மின்னோட்டமாக மாற்றி, தனக்கு வேண்டியபடி வடித்துக் கம்ப்ரஸருக்குக் கொடுக்கிறது. அதனால் அதற்குத் தாங்கும் சக்தி கூடுதல். "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டி வரும் ஃப்ரிட்ஜ்கள் இந்த ரகம். 100 வோல்ட்டிலிருந்து 300 வரை தாங்கும் என்று போட்டிருக்கிற மாடல்களும் இருக்கின்றன.

சரி, அந்த ஸ்டிக்கரை நம்பலாமா? நம்பலாம், ஆனால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கையேட்டில் பார்த்துவிட்டு நம்புங்கள். எல்லா மாடலுக்கும் ஒரே எண் இல்லை. இன்னொன்று, "10 வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். போர்டுக்கு மற்ற பாகங்களைப்போல ஒரு வருடம்தான் என்று பொடி எழுத்தில் இருக்கும். வோல்டேஜ் தாறுமாறாக ஏறினால் இன்வர்ட்டர் ஃப்ரிட்ஜில் முதலில் அடிபடுவது அந்தப் போர்டுதான். வாரண்டி அட்டையை ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சுருக்கமாக என் கணக்கு: பழைய வகைக் கம்ப்ரஸர், வோல்டேஜ் 200க்குக் கீழே அடிக்கடி போகும் வீடு, கட்டாயம் வேண்டும். இன்வர்ட்டர் ஃப்ரிட்ஜ், ஆனால் கிராமம், மழை காற்று வந்தால் கம்பி உரசும் இடம், வாங்கிப் போட்டுவிடுவேன். இன்வர்ட்டர் ஃப்ரிட்ஜ், நல்ல வோல்டேஜ் உள்ள நகர வீடு, வாங்கமாட்டேன்.

இரண்டாவது வேலை: ஒரு வாரம் அளந்து எழுதுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. இதைச் செய்தால் மீதி எல்லாம் சுலபம்.

வீட்டு இணைப்புக்கு விதிப்படி 230 வோல்ட், அதிலிருந்து 6 சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். அதாவது 216லிருந்து 244 வரை. உங்கள் வீட்டில் உண்மையில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

அளக்க இரண்டு வழி. பிளக் மாதிரியே சாக்கெட்டில் செருகினால் எண்ணைக் காட்டும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, புதிதாகச் செய்பவர்களுக்கு அதுதான் நல்லது, கையே படவேண்டாம். இன்னொன்று மஞ்சள் நிற மல்டிமீட்டர். அதை எடுத்தால் திருகியை மாற்று மின்னோட்டத்தில் 750 என்ற இடத்துக்குத் திருப்பவேண்டும், கறுப்பு வயர் "காம்" துளையிலும் சிவப்பு வயர் வோல்ட் துளையிலும் இருக்கவேண்டும். சிவப்பு வயர் தப்பித்தவறி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது சாக்கெட்டில் வைத்துவிட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட், வெடிக்கும். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் செருகு மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜ் சாக்கெட்டுக்குப் பக்கத்துச் சாக்கெட்டில் மீட்டரைச் செருகிவிட்டு, அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, காலை ஆறு, பகல் பதினொன்று, சாயங்காலம் ஏழரை, ராத்திரி பத்து, இந்த நேரங்களில் எழுதிக்கொண்டு வாருங்கள். நடு ராத்திரி எழுந்தால் அதையும். வயல் பக்கத்து ஊர் என்றால் பம்புசெட் மோட்டார்கள் ஓடும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஊரில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும்போதுதான் வோல்டேஜ் தரை தட்டும். சித்திரை, வைகாசியில் அளந்தால் இன்னும் நல்லது, ஏசி எல்லாம் ஓடும் நேரம்.

அத்தை வீட்டுத் தாளில் ஒருநாள் இப்படி இருந்தது: காலை ஆறு 212, பகல் பதினொன்று 178, சாயங்காலம் ஏழரை 158, ராத்திரி பத்து 171, அதிகாலை இரண்டு மணிக்கு 236. அந்த வாரத்தில் ஆகக் குறைந்தது 149. இந்த ஒரு எண்தான் எனக்கு வேண்டியிருந்தது. 170லிருந்து தொடங்கும் பெட்டி ஏன் சரிப்படவில்லை என்பதைத் தாளே சொல்லிவிட்டது.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். சாயங்காலம் கடைசி வீடு வரைக்கும் போதவேண்டும் என்று டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜை மேலே வைத்திருப்பார்கள், ராத்திரி எல்லாரும் அணைத்துவிட்டுத் தூங்கியதும் இவர்கள் வீட்டில் 250, 260 என்று ஏறி நிற்கும். அவர்கள் மேல் எண்ணைப் பார்க்கவேண்டும்.

அளக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கிற நொடியில் மீட்டரில் எண் எவ்வளவு இறங்குகிறது? இரண்டு மூன்று வோல்ட் என்றால் பரவாயில்லை. கிளம்பும்போதெல்லாம் பத்து, பதினைந்து என்று விழுந்தால் சந்தேகம் வெளிக் கம்பியில் மட்டும் இல்லை, உங்கள் வீட்டு வயரிங்கிலும் இருக்கிறது. சாக்கெட் கறுத்திருக்கும், பிளக் ஆடும், ஸ்விட்சில் "சர்ர்" என்று சத்தம் வரும். அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் போர்டில் ஒரு அளவு, ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் ஸ்டெபிலைசர் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடு என்றால் மூன்றிலும் அளந்து பாருங்கள். ஒன்றில் 190, இன்னொன்றில் 222 என்று இருப்பது சகஜம். நல்ல ஃபேஸுக்கு ஃப்ரிட்ஜ் லைனை மாற்றிப் போட்டாலே சில வீடுகளில் கதை முடிந்துவிடும், எலக்ட்ரீஷியன் கூலியோடு சரி. அத்தை வீடு மாதிரி சிங்கிள் ஃபேஸ், தெருவே மங்கல் என்றால் மின்வாரியத்தில் புகார் எழுதிப் போடுங்கள், அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. டிரான்ஸ்ஃபார்மரில் டேப் மாற்றுவது (வெளியே வரும் வோல்டேஜை ஒரு படி ஏற்றி இறக்குவது), பாரத்தை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரிப்பது எல்லாம் அவர்கள் கையில் இருப்பவை. ஒரு வீட்டுக்காரர் சொல்வதைவிடத் தெருவில் பத்துப் பேர் கையெழுத்தோடு, அந்த அளவுத் தாளின் நகலையும் சேர்த்துக் கொடுப்பது மேல்.

கம்ப்ரஸருக்கு என்ன ஆகிறது

இதைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களைச் சுற்றிவிட முடியாது. பழைய வகைக் கம்ப்ரஸர் என்பது உருண்டை டப்பாவுக்குள் இருக்கும் ஒரு மோட்டார். மோட்டாரின் உந்துவிசை வோல்டேஜின் இருமடி வீதத்தில் இறங்கும். 230க்குப் பதில் 160 வந்தால் வோல்டேஜ் முப்பது சதவீதம்தான் குறைந்திருக்கிறது, ஆனால் உந்துவிசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கம்ப்ரஸரால் சுற்றவே முடியாது. ஆனால் கரண்டை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும், வழக்கமாக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. சுற்றாமல் இழுத்த கரண்டு எல்லாம் சூடாக மாறும். அந்த உறுமல் இதுதான். சூடு தாங்காமல் ஓவர்லோடு என்ற சின்ன வில்லை துண்டித்துவிடுகிறது, அது அந்த "டிக்". ஆறியதும் மறுபடி சேர்த்துவிடும், மறுபடி உறுமல். ஒரு சாயங்காலத்துக்கு இருபது தடவை இப்படிச் சுட்டால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது, கரண்ட் ஒரு நொடி போய் உடனே வருவது. இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை, என்னைக் கேட்டால் லோ வோல்டேஜுக்குச் சமமான வில்லன் இது. கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் ஏறியிருக்கும், மறுபக்கம் இறங்கியிருக்கும். நின்றபிறகு நடுவில் இருக்கும் மயிரிழைக் குழாய் வழியாகக் கேஸ் மெல்லக் கசிந்து இரண்டு பக்கமும் சமமாக மூன்று நாலு நிமிஷம் ஆகும். அதற்குள் கரண்ட் வந்தால் கம்ப்ரஸர் அந்த அழுத்தத்துக்கு எதிராகக் கிளம்பவேண்டும். முடியாது. மறுபடி உறுமல், மறுபடி டிக்.

அதனால்தான் ஸ்டெபிலைசரில் "டிலே" என்ற ஒன்று இருக்கிறது. கரண்ட் வந்ததும் உடனே விடாமல் ஏறத்தாழ மூன்று நிமிஷம் காத்திருந்து விடும். புதிதாக மாட்டியவர்கள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு "ஃப்ரிட்ஜ் ஓடலையே, பெட்டி டெட்" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோன கதை நிறைய உண்டு. மூன்று நிமிஷம் பொறுங்கள். கரண்ட் ஏற்கெனவே ரொம்ப நேரம் போயிருந்தால் காத்திருக்காமல் விடுகிற புத்திசாலி டிலே சில மாடல்களில் இருக்கிறது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் டிலேயே இல்லாத பெட்டியை ஃப்ரிட்ஜுக்கு வாங்காதீர்கள். டிவிக்கு என்று விற்கும் சின்ன ஸ்டெபிலைசரைப் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று தூக்கிவந்து மாட்டக்கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மூன்றாவது வேலை: கடையில் என்ன கேட்பது

முதல் கேள்வி வேலை செய்யும் எல்லை. "எந்த வோல்ட்டிலிருந்து எந்த வோல்ட் வரை?" என்று கேளுங்கள். அட்டைப்பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருக்கும். 170 முதல் 270, 130 முதல் 300, 90 முதல் 300 என்று பல ரகம் இருக்கிறது. உங்கள் தாளில் இருக்கும் ஆகக் குறைந்த எண்ணுக்கு இன்னும் பதினைந்து இருபது வோல்ட் கீழே தொடங்கும் பெட்டியை எடுங்கள். அத்தைக்கு 149, அதனால் 130லிருந்து தொடங்குவது. கூடச் செலவழித்து 90லிருந்து தொடங்குவதை வாங்கவேண்டிய அவசியம் அங்கே இல்லை. உங்கள் வீட்டில் 120 வரை இறங்குகிறது என்றால் அவசியம். வெளியே வரும் அளவு 200க்கும் 240க்கும் இடையில் என்றிருந்தால் போதும். சரியாக 230தான் வரவேண்டும் என்று ஃப்ரிட்ஜ் கேட்பதில்லை. சர்வோ, ஸ்டாட்டிக் என்று விலை கூடிய ரகங்களைக் காட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் ரிலே ரகமே தாராளம்.

இரண்டாவது கேள்வி திறன். ஃப்ரிட்ஜின் உள்பக்கச் சுவரிலோ பின்னாலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 230ஆல் பெருக்கி, வருவதை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஆம்பியர் என்றால் 230, இரண்டு மடங்கு 460, ஆகவே 500 வி.ஏ., அதாவது அரை கே.வி.ஏ. பெட்டி சரி. இரண்டு ஆம்பியர் உள்ள பெரிய ஃப்ரிட்ஜுக்கு 920 வரும், ஒரு கே.வி.ஏ. எடுக்கவேண்டும். கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் பெட்டியிலேயே "300 லிட்டர் வரை", "600 லிட்டர் வரை" என்று லிட்டர் கணக்கில் போட்டிருப்பார்கள், அதையே பார்த்து வாங்கலாம். பனி தானாக உருகும் ரகத்தில் உள்ளே ஒரு ஹீட்டரும் அவ்வப்போது ஓடும், அதனால் 290 லிட்டர் ஃப்ரிட்ஜுக்கு 300 லிட்டர் பெட்டி என்று விளிம்பில் நிற்காமல் ஒரு அளவு மேலே போவது நல்லது. அதற்காக 4 கே.வி.ஏ. வரை போகாதீர்கள், பெட்டி பெரியது என்பதால் வேலை செய்யும் எல்லை கூடிவிடாது, அந்தப் பாடம் நான் படித்தாயிற்று.

மூன்றாவது, உள்ளே சுற்றியிருப்பது தாமிரமா அலுமினியமா. தாமிரம் விலை கூடுதல். ஆனால் அலுமினியம் என்றால் உடனே மோசம் என்று அர்த்தம் இல்லை, கம்பியைத் தடிமனாகப் போட்டு ஒழுங்காகச் செய்தால் அதுவும் உழைக்கும். கடற்கரை ஊர் என்றால், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், சென்னையில் கடலோரம், உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும் என்பதால் நான் தாமிரத்துக்குத்தான் போவேன். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒன்று சந்தேகப்படும்படி லேசாக இருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஹை கட், லோ கட் இரண்டும் இருக்கிறதா, அதாவது எல்லை தாண்டினால் தானே துண்டித்துவிடுமா என்று கேளுங்கள். இதை வெறும் சடங்காகக் கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு ஐப்பசி மழையில் தென்னை மட்டை விழுந்து, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. நியூட்ரல் போனால் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருக்கும் 400 வோல்ட்டில் பெரும்பங்கு ஏதாவது ஒரு வீட்டுக்குள் வந்துவிடும். பல்பு எல்லாம் வெள்ளை வெளேரென்று எரிந்தது, ஃபேன் பறந்தது, ஒரு நிமிஷத்துக்குள் தெருவில் நாலு டிவியும் இரண்டு செட்டாப் பாக்ஸும் போயின. எங்கள் ஸ்டெபிலைசர் கருகிய நாற்றத்தோடு செத்துப்போனது, ஃப்ரிட்ஜ் பிழைத்துக்கொண்டது. அதற்காக இடிக்கும் இது போதும் என்று இருந்துவிடாதீர்கள். இடி மின்னல் பலமாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் ஒரே வழி.

வரும் வோல்டேஜையும் போகும் வோல்டேஜையும் காட்டும் டிஜிட்டல் எண் இருந்தால் வாங்குங்கள், நூறு இருநூறு கூட ஆனாலும். பிறகு தனி மீட்டர் தேவைப்படாது. விலை என்று பார்த்தால் சாதாரண ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். எந்தப் பிராண்ட் என்று கேட்பீர்கள். 1977ல் கொச்சியில் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கிய வி-கார்ட் இருக்கிறது, நம் ஊரில் சிலருக்கு ஸ்டெபிலைசருக்குப் பேரே அதுதான். மைக்ரோடெக், புளூபேர்ட் என்று இன்னும் பல இருக்கின்றன. எனக்குப் பிராண்டைவிட முக்கியம், உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறாரா என்பது. படிப்படியாக மாற்றும் வீட்டு ஸ்டெபிலைசர்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 8448, அந்த எண் பெட்டியில் இருந்தால் நல்ல அறிகுறி. பில், வாரண்டி அட்டை, அட்டையில் கடை முத்திரையும் தேதியும், இவற்றை வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால் தலைப்பில் "ஃப்ரிட்ஜுக்கு ஏற்றது" என்று போட்டிருப்பதை நம்பி அமுக்கிவிடாமல், விவரப் பகுதியில் எல்லையும் டிலேயும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாலாவது வேலை: மாட்டுவது

நம் வீடுகளில் ஸ்டெபிலைசருக்கு என்று ஒரு நிரந்தர இடம் உண்டு, ஃப்ரிட்ஜ் தலையில், பூப்போட்ட துணி உறைக்கு மேல், பிளாஸ்டிக் பூ ஜாடிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில். தயவுசெய்து அங்கே வைக்காதீர்கள். துணி காற்றை அடைக்கும், ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதிரும், ஜாடித் தண்ணீர் கவிழ்ந்தால் அதோடு முடிந்தது. சுவரில் மாட்டுவதற்குப் பின்னால் துளை விட்டிருப்பார்கள். தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், அடுப்புப் புகையும் சிங்க் தண்ணீரும் படாத இடத்தில், சுற்றிலும் ஒரு கை நுழையும் இடம் விட்டு மாட்டுங்கள்.

ஸ்டெபிலைசர் பிளக் சுவர்ச் சாக்கெட்டில், ஃப்ரிட்ஜ் பிளக் ஸ்டெபிலைசரில். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். மேல் முள், தடித்த முள், அதுதான் எர்த். சாக்கெட்டில் போகவில்லை என்று அதை வெட்டுவதோ இரண்டு முள் அடாப்டர் போடுவதோ கூடாது. ஸ்டெபிலைசர் எர்த்தை உருவாக்குவதில்லை, சுவரில் இருப்பதைக் கடத்துகிறது, அவ்வளவுதான். பெரிய ஃப்ரிட்ஜ் சிலவற்றில் 16 ஆம்பியர் தடித்த பிளக் வரும், பெட்டியில் அது நுழைகிற சாக்கெட் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு பெட்டியில் ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும். காலியாக ஒரு துளை இருக்கிறதே என்று மிக்ஸியைச் செருகாதீர்கள்.

ஸ்விட்சைப் போட்டதும் டிலே விளக்கு எரியும். மூன்று நிமிஷத்தில் "டக்" என்று ரிலே விழும், ஃப்ரிட்ஜ் கிளம்பும். வெளியே வரும் எண்ணைப் பாருங்கள், 200க்கும் 240க்கும் நடுவில் இருந்தால் சரி. அன்று சாயங்காலம், உங்கள் தாளில் ஆகக் குறைவாக இருந்த நேரத்தில், ஒருதடவை பக்கத்தில் நின்று கேளுங்கள். உறுமலும் டிக்கும் இல்லாமல் கம்ப்ரஸர் ஒரே சீராக ஓடவேண்டும். ஸ்டெபிலைசர் அவ்வப்போது "டக், டக்" என்று படி மாற்றுவது இயல்பு. நிமிஷத்துக்குப் பத்துத் தடவை மாற்றினால் எங்கேயோ லூஸ் கான்டாக்ட், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பில் எவ்வளவு ஏறும்?

சின்னப் பெட்டி சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் தின்னும். 8 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்குப் பதினோரு யூனிட்டுக்கு மேல். இலவச 100 யூனிட்டுக்குள் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டுக்கு அது சின்ன எண் இல்லை. தேவையில்லாத வீட்டில் மாட்டவேண்டாம் என்று நான் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுக் காற்றுத் துளைகளில் இருக்கும் ஒட்டடையைப் பழைய பெயின்ட் பிரஷால் தட்டுங்கள். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்கமுடியாத சூடு கூடாது. கருகல் வாடை வந்தால் உடனே கழற்றி ஃப்ரிட்ஜை அணைத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பல வருஷம் படி மாற்றியே ரிலே முனைகள் கறுத்துப்போவது உண்டு, அதை மட்டும் மாற்றினால் பெட்டி மறுபடி ஓடும், புதிது வாங்கவேண்டியதில்லை. அப்புறம் பல்லி. உள்ளே கதகதப்பாக இருப்பதால் அதற்கு ரொம்பப் பிடிக்கும், போர்டுக்குக் குறுக்கே படுத்தால் அதுவும் போகும், போர்டும் போகும். போன மாதம் அத்தை வீட்டுப் பெட்டியை மெக்கானிக் திறந்தபோது உள்ளே மூன்று முட்டை இருந்தன. துளையைத் துணி வைத்து அடைத்துவிடலாமா என்று அத்தை கேட்டார். கூடாது, காற்று போகவேண்டும். கொசுவலையைச் சின்னதாக வெட்டித் துளைகளுக்கு வெளியே இழுத்து ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், பார்ப்போம்.